நாலரைச் சாண் இரும்பு

எங்கள் லயத்துக்காரர்கள் சோம்பேறிகள் என்று கங்காணி சொன்னது பொய். அவர் போய்ச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. போனவரைப் பற்றி இப்போது எதற்கு என்று என் மகளே கேட்கிறாள். போனவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. பொய்யைப் பொய் என்கிறேன், அவ்வளவுதான்.

மலாயாவில் ஈப்போவுக்கு வடக்கே, செமோர் பக்கம் ஒரு கித்தாத் தோட்டம், ரப்பர்த் தோட்டம்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது இது. எனக்கு இருபது வயது இருக்கும். புருஷன் காய்ச்சலில் போய் எட்டு மாதம். மடியில் பால்குடி மறக்காத பெண் குழந்தை. விடியுமுன் மரத்தில் பட்டை வெட்டி, வெயில் ஏறியதும் பால் எடுத்து ஸ்டோரில் ஊற்றுகிற வேலை எனக்கு. கங்காணி என்றால் எங்களைக் கப்பலேற்றிக் கூட்டி வந்தவர், காலையில் பேர் வாசிப்பவர், யாருக்கு எந்த நிரை மரம் என்று பிரித்துக் கொடுப்பவர், எல்லாம் அவரே. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு எங்கள் முகம் தெரியாது. கங்காணியின் வாயிலிருந்து வருகிற பேர்தான் அவருக்கு நாங்கள்.

ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள்தான் லயம், தோட்டத்தில் மூன்று லயம். இரண்டு லயம் பெரட்டுக் களத்தை ஒட்டி. காலையில் எல்லாரும் வரிசையாக நின்று பேர் கொடுக்கிற இடம்தான் பெரட்டுக் களம். மூன்றாவது லயம் எங்களுடையது. ஓடைக்கு அந்தப் பக்கம், மேட்டைத் தாண்டி, அரை மைல் தூரம். ஏன் அவ்வளவு தள்ளி என்றால் நாங்கள் தப்படிக்கிற வீட்டுக்காரர்கள். கப்பலில் ஒரே தளத்தில் ஒட்டிப் படுத்து, ஒரே வாளியில் வாந்தி எடுத்து வந்த ஜனம்தான். கரை இறங்கியதும் ஊரிலிருந்த தெருவை மறக்காமல் மூட்டையோடு இறக்கிக்கொண்டார்கள்.

பெரட்டுக்குக் கூப்பிட மணி கிடையாது. ஒரு தண்டவாளத் துண்டு இருந்தது. லகாட் ஈயச் சுரங்கத்தில் தள்ளுவண்டி ஓடுகிற சின்னத் தண்டவாளம். சீனக் கொல்லர் ஒருவர் அதை நாலரைச் சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு சங்கிலி போட்டு, மரச்சட்டத்தில் படுக்கைவாட்டில் தொங்கவிட்டுப் போயிருந்தார். காவலுக்கு இருக்கிற ஜாகாக்காரர் சுத்தியலால் அடிப்பார். இருட்டு விலகுமுன் ஒரு தரம் எழுப்ப, பிறகு ஒரு தரம் வரிசைக்கு வர. எங்கள் யாரிடமும் கடிகாரம் கிடையாது. அந்தச் சத்தம்தான் எங்கள் காலை. பிந்தி வந்தால் அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது. ஒரு மாதத்தில் மூன்று தரம் பிந்தினால் பேரையே வெட்டிவிடுவார்கள். பேர் போனால் லயத்து அறையும் போகும். என்னைப் போல் ஒற்றை ஆள், அதுவும் கைக்குழந்தைக்காரி, வெளியே போனால் வேறு தோட்டத்தில் யார் சேர்ப்பார்கள்?

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. கித்தாக் கத்தி, வாளி, தராசு எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்துப் படைப்போம். எங்கள் ஆயுதங்களில் பெரிய ஆயுதம் அந்த இரும்புதான். அதற்குத் தேங்காயே தனி. கங்காணியின் மகன் பெரிய காய்ச்சலில் விழுந்து பிழைத்திருந்தான். அதற்காக முனியாண்டிக்கு நேர்ந்துகொண்ட சிவப்புப் பட்டுத் துணியை, உள்ளே மஞ்சளும் தாயத்தும் வைத்து, இரும்பின் சரியாக நடுவில், கைத் தடிமனுக்குச் சுற்றி இறுக்கிக் கட்டினார் கங்காணி. நடுவில் கட்டினால்தானே மரியாதை, பார்க்கவும் அழகு. நாங்களும் தூரத்தில் நின்று கும்பிட்டோம். யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை, எனக்கும்தான். இனிமேல் நடுவில் அடிக்கக் கூடாது, ஓரத்தில் அடி என்று ஜாகாக்காரருக்கு உத்தரவு.

அடுத்த நாளிலிருந்து எங்கள் லயம் முழுக்கப் பிந்த ஆரம்பித்தது.

முதல் நாள் மழை என்று நினைத்தோம். பிறகு காற்று எதிர்த்து அடிக்கிறது என்றோம். ஜாகாக்காரர் தூங்கிவிடுகிறார் என்று ஒருத்தர், முனியாண்டிக்கு எங்கள் மேல் கோபம் என்று இன்னொருத்தர். ஆம்பளைகள் சிலர் பாயைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரட்டுக் களத்திலேயே படுக்க ஆரம்பித்தார்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு நான் பனியில் எங்கே படுக்க? சேவல் கூவினால் எழுவேன். அந்தச் சேவலும் தன் இஷ்டத்துக்குக் கூவும். மாதம் பாதி முடியுமுன் இரண்டு தரம் பிந்திவிட்டேன்.

இரண்டாம் தரம் கங்காணி எல்லாருக்கும் முன்னால் கேட்டார். "ஏம்மா, ராத்திரி முழுக்க என்ன பண்றீங்க உங்க லயத்துல?"

"சத்தம் கேக்கலீங்க கங்காணி."

களத்தை ஒட்டியிருக்கிற முன்லயத்துக்காரர்கள் சிரித்தார்கள். ஒரு பெண், நல்லவள்தான், என் பக்கத்து நிரை வெட்டுகிறவள், அவளே சொன்னாள். "என்னடி சொல்றே, முன்னைக்கு இப்பதான் காதைக் கிழிக்குது. என் புள்ள பயந்து அழுவுதுலா."

"கேட்டியா?" என்றார் கங்காணி. "இன்னும் ஒரு தரம். அப்புறம் மூட்டையைக் கட்டிக்க."

பயமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. ஏனென்றால் அவள் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. அன்றைக்குப் பேர் இல்லாததால் களத்து ஓரத்திலேயே பிள்ளையோடு உட்கார்ந்திருந்தேன். வேலை விடுவதற்கு ஜாகாக்காரர் இரும்பை அடித்தார். பல மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் பக்கத்திலிருந்து கேட்கிறேன். கிண் என்று ஊசி போல் காதுக்குள் இறங்கியது. முன்லயத்துக்காரி சொன்னது சரி, கிழிக்கத்தான் கிழித்தது. ஆனால் முன்பெல்லாம் அந்தக் கிண்ணுக்கு அடியில் டோம் என்று ஒன்று வரும், வயிற்றில் தெரியும். அது இல்லை.

தப்படிக்கிற வீட்டில் பிறந்தவள் நான். பொம்பளை தொடக் கூடாது என்று எங்கள் வீட்டிலும் சட்டம் உண்டு. ஆனால் காதை யாரும் பூட்டவில்லையே. தோலை நெருப்பில் காட்டினால் எப்படி ஏறும், ஓரத்தில் அடித்தால் என்ன, நடுவில் அடித்தால் என்ன, தோலின் மேல் விரல் பட்டால் எது சாகும், எது நிற்கும், எல்லாம் தெரியும். இரும்புக்கு டோம் செத்துவிட்டது என்று தெரிந்தது. யார் கொன்றது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிராணி வீட்டு முற்றத்தில் புல் வெட்டப் போனேன். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீசில் துரைக்கு அடுத்தவர். சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் பிடில் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் தந்தியின் நட்டநடுவில் விரலை அழுத்தாமல், சும்மா தொட்டார். தடித்த சத்தம் சட்டென்று மறைந்து, அதே தந்தியிலிருந்து புல்லாங்குழல் மாதிரி மெல்லிசாக ஒன்று மேலே எழும்பியது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். அவருக்கு அது ஒரு விளையாட்டு. எனக்குக் கத்தி கையிலேயே நின்றுவிட்டது. நடுவில் தொட்டால் அடிச்சத்தம் சாகிறது, மேல்சத்தம் பிழைக்கிறது. இரும்பின் நடுவில் தொட்டுக்கொண்டிருப்பது என்ன?

புல்லை அப்படியே போட்டுவிட்டுப் பெரட்டுக் களத்துக்கு நடந்தேன். ஞாயிறு மத்தியானம், ஒரு ஈ காக்கை இல்லை. கத்திப் பிடியால் இரும்பின் ஓரத்தில் தட்டினேன். கிண். மறுபடி தட்டி, நடுவில் பட்டின் மேல் கையை அழுத்தி வைத்தேன். கிண் கொஞ்சமும் குறையவில்லை. நடுவில் கை வைத்தும் குறையாத சத்தம் என்றால் என்ன அர்த்தம்? நடு அசைந்தால் வருகிற சத்தம் எல்லாம் ஏற்கெனவே போய்விட்டது, நடு அசையாமல் வருகிற சத்தம் மட்டும்தான் மிச்சம்.

முடிச்சை அவிழ்த்தேன். பட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தட்டினேன். டோம். என் மார்பு எலும்பில் தெரிந்தது. அழுதேன் என்றால் சிரிப்பீர்கள். அழுதேன்.

பிறகு ஒரு விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். நடுவில் தொட்டால் டோம் செத்தது. முனையில் தொட்டாலும் செத்தது. முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே, சங்கிலி பிடித்திருக்கிற இடத்தில் தொட்டால் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பக்கமும் அதே ஒரு சாண். அந்தக் கொல்லர் தெரிந்துதான் அங்கே மாட்டியிருக்கிறார். இரும்பு ஆடும்போது அந்த இரண்டு இடம் மட்டும் ஆடுவதில்லை.

வருடங்கள் கழித்து என் மகள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்குப் படம் போட்டிருந்தது. ஆடாத இடத்துக்குக் கணு என்று பேர். நாம் ஒரு சத்தம் என்று நினைப்பது ஒன்றல்ல, அடியில் ஒன்றும் அதற்கு மேலே மேலே பலவும் சேர்ந்ததாம். தந்தியில் மேல்சத்தங்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒழுங்காக நிற்கும், அதனால் இனிக்கும். இரும்புத் துண்டில் இரண்டாவது சத்தமே இரண்டே முக்கால் மடங்கு, அடியோடு ஒட்டாது, அதனால் அந்த முரட்டுத்தனம். மெல்லிய சத்தத்தை இலையும் மேடும் வாங்கிக்கொண்டுவிடும், தடித்த சத்தம் மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேரும். அவள் படித்துக் காட்டக் காட்ட, இதைத்தான் அன்றைக்குக் கத்திப் பிடியால் படித்தேன் என்றேன். அவள் நம்பவில்லை.

பட்டைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. ஒரு தகப்பன் பிள்ளைக்காக நேர்ந்தது அது. அதனால் ஒரு சாண் உள்ளே, இரும்பு ஆடாத இடத்தில், சங்கிலியோடு சேர்த்து அதே மஞ்சளும் தாயத்துமாக இறுக்கிக் கட்டினேன். "சாமி, இடம்தான் மாத்துறேன். கோவிச்சுக்காதே, எனக்கு வேற வழியில்ல" என்று முனியாண்டியிடம் சொன்னேன். தட்டிப் பார்த்தேன். சாமிக்கு ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை டோம் என்று மேட்டைத் தாண்டி வந்து எங்கள் கதவைத் தட்டியது. லயமே எழுந்து உட்கார்ந்தது. முன்லயத்துக்காரர்கள் வருமுன் நாங்கள் வரிசையில் நின்றோம். கங்காணி எங்களைப் பார்த்தார், இரும்பைப் பார்த்தார்.

"யாரு தொட்டது?"

எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பக்கத்தில் நின்ற அண்ணன் ஒருத்தர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "சும்மா இரு" என்று அர்த்தம்.

"நான்தாங்க" என்றேன்.

"தாலியறுத்தவ. அதுவும் உங்க லயத்துக் கை. சாமி துணியில."

"சாமி துணி பத்திரமா இருக்குங்க. நடுவுல இருந்தா இரும்பு ஊமையாவுது. ஓரத்துல இருந்தா எல்லாருக்கும் கேக்குது. இன்னிக்கு எங்க லயத்துல ஒருத்தராச்சும் பிந்தினாங்களா, பாருங்க."

"எனக்குப் பாடம் சொல்றியா? முனியாண்டி கால்ல விழு. என் கால்லயும் விழு. அப்புறம் பார்க்கலாம்."

"முனியாண்டி கால்ல விழறேன். உங்க கால்ல எதுக்குங்க?"

கங்காணி தானே போய்ப் பட்டை அவிழ்த்து மறுபடி நடுவில் கட்டினார். பிறகு பேர் வாசித்தார். என் பேர் வரவில்லை.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போனேன். கிராணி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நான் சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியிலேயே நிறுத்தினார். "இரும்பிலை துணி கட்டினால் சத்தம் குறையும் எண்டது உண்மைதான். ஆனால் கிட்ட நிண்டால் நல்லாக் கேக்குதே. உனக்கு இதெல்லாம் என்ன விளங்கும்?"

"நேத்து உங்க பிடில்ல நடுவுல விரல் வச்சீங்களே ஐயா. கீழ்ச் சத்தம் எங்க போச்சு?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "ஒருக்கால் பாப்பம்" என்று எழுந்தார். அந்த மனுஷனுக்கு இந்தப் புண்ணியம் உண்டு. தனக்குத் தெரிந்ததை இன்னொருத்தி சொன்னாலும் அது தெரிந்ததுதான் என்று ஒப்புக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கங்காணியையும் அழைத்துக்கொண்டு எங்கள் லயத்துக்கே வந்தார். கங்காணி எங்கள் வாசலில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. களத்தில் ஜாகாக்காரர் பத்து அடி அடிக்க வேண்டும், பிறகு பட்டை ஓரத்துக்கு மாற்றிக் கட்டிப் பத்து அடி அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. கிராணி கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஓடை சத்தம் கேட்டது, யாரோ வீட்டில் மிளகாய் அரைக்கிற சத்தம் கேட்டது.

"ஜாகா இன்னும் அடிக்கவே ஆரம்பிக்கல போலிருக்கே" என்றார் கங்காணி.

அவர் சொல்லி முடிக்கவும் டோம் என்று வந்தது. எண்ணிப் பத்து. ஜாகாக்காரர் ஓடி வந்து, "இருபதும் அடிச்சிட்டேன் ஐயா" என்றார். கங்காணி என்னைப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் போய்விட்டார்.

பட்டு ஓரத்திலேயே இருக்கட்டும் என்று கிராணி துரையிடம் எழுதி வாங்கினார். துரைக்கு முனியாண்டியும் தெரியாது, பட்டும் தெரியாது, ஆட்கள் நேரத்துக்கு வந்தால் சரி. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை கங்காணி பேர் வாசித்தார். எங்கள் லயத்தில் ஒவ்வொரு பேரும் வந்தது. என் பேரைத் தாண்டி அடுத்த பேருக்குப் போனார்.

நான் "இருக்கேன்" என்றேன்.

கூப்பிடாத பேருக்குப் பதில் சொல்கிறாள் என்று யாரோ சிரித்தார்கள். கிராணியிடம் போனேன். "பேர் வாசிக்கிறது கங்காணியின்ரை வேலை. இதுக்கு மேலை நான் ஒண்டும் செய்ய ஏலாது" என்றார். சரி, நீங்கள் செய்ய வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அடுத்த நாளும் போய் நின்றேன். அவர் தாண்டினார், நான் "இருக்கேன்" என்றேன். அதற்கு அடுத்த நாளும். வீட்டில் அரிசி முடிந்தது. பக்கத்து அறைக்காரர்கள் ஆளுக்கு ஒரு கை போட்டார்கள். அந்த முன்லயத்துப் பெண்கூட ஒரு நாள் மரவள்ளிக் கிழங்கைப் பழைய துணியில் சுற்றி ஓடைக்கரையில் வைத்துவிட்டுப் போனாள். ராத்திரி பிள்ளை என் வற்றிய மாரில் இழுத்து இழுத்து அழும். போய்க் காலில் விழுந்துவிடலாமா என்று ஒவ்வொரு ராத்திரியும் நினைப்பேன். ஒவ்வொரு காலையும் அந்த டோம் வரும். இது என் காது கண்டுபிடித்த சத்தம், இதைக் கேட்டுக்கொண்டு போய் எவன் காலில் விழுவேன் என்று எழுந்துவிடுவேன்.

என் நிரையை வேறு ஆளுக்குப் பிரித்துக் கொடுக்கப் பார்த்தார் கங்காணி. எங்கள் லயத்தில் ஒருத்தரும் வாங்கவில்லை. "ரெட்டை நிரை வெட்ட ஒடம்பு தாங்காதுங்க" என்றார்கள், எல்லாரும் ஒரே மாதிரி. அந்தப் பக்கத்து நிரைக்காரியிடம் கேட்டார். அவளோ தனக்கு இடுப்பு வலி என்றாள். முந்தானையைப் பிடித்து இழுத்த அண்ணன் இருக்கிறாரே, அவருக்கு அன்றைக்குத் திடீரென்று கால் வீங்கிவிட்டது.

எட்டாம் நாள் துரை குதிரையில் கித்தாக் காட்டுக்குள் வந்தார். என் நிரை முழுக்கப் பால் பிடிக்கிற மங்குகள் கவிழ்ந்து கிடந்தன, மரப்பட்டை காய்ந்து கிடந்தது. இது யார் நிரை, ஏன் வெட்டவில்லை என்று கேட்டார். கங்காணி என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நன்றாக வியர்த்திருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஒன்பதாம் நாள் காலை வரிசையில் நின்றேன். பிள்ளை இடுப்பில் தூங்கியது. கங்காணி எங்கள் லயத்துப் பேர்களை வாசித்துக்கொண்டே வந்தார். என் இடம் வந்ததும் குரல் தாழ்ந்தது. தாளைப் பார்த்தபடி, பல்லுக்குள்ளேயே, என் பேரைச் சொன்னார். முன்னால் நின்ற இரண்டு மூன்று பேருக்குத்தான் கேட்டிருக்கும். எனக்கும் கேட்டது. ஒன்பது நாள் பசித்துக் காத்திருந்த பேர், எனக்குக் கேட்காமல் போகுமா?

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"என்ன, பதிலைக் காணோம்?"

"கேக்கலீங்க கங்காணி."

"கிட்டத்தானே நிக்கிறே."

"கிட்ட நிக்கிறவுங்களுக்குக் கேட்டிருக்கும். கடைசியில நிக்கிற எங்க ஆளுங்களுக்குக் கேக்கல."

பக்கத்திலிருந்த அண்ணன் இந்த முறை என் முந்தானையை இழுக்கவில்லை. கங்காணி தாளை மடித்தார், விரித்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றிலிருந்து குரல் எடுத்து, களம் முழுக்கக் கேட்கும்படி என் பேரை வாசித்தார்.

"இருக்கேன்" என்றேன்.